பிரசவ அறையின் வாசலில் நிற்கும் சாதியும் வர்க்கமும்

(தில்லியில் உழைக்கும் பெண்களிடையே பணியாற்றும் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2010ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. நீதிபதி எஸ். முரளிதர் எழுதிய அத்தீர்ப்பு இரண்டு ஏழைப் பெண்களைப் பற்றியது. முதல் பெண், வயிற்றிலேயே சிசு இறந்துபோன நிலையில் மருத்துவமனைக்கு மருத்துவமனை அலைக்கழிக்கப்பட்டவர். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான அட்டை சரியாக இல்லை என்று கூறி அவருக்கு இலவசச் சிகிச்சை மறுக்கப்பட்டது. இறந்த சிசுவை அவர் பல நாட்கள் சுமந்தார். அடுத்த முறை கருவுற்றபோது, 2010 ஜனவரியில், பயிற்சி பெற்ற எவரும் அருகில் இல்லாமல் குறைமாதத்தில் வீட்டிலேயே குழந்தையைப் பெற்றார், அன்றே உயிர்நீத்தார். இரண்டாவது பெண்ணுக்கு வீடே இல்லை. வலிப்பு நோயாளியான அவர், ஜங்புரா பகுதியில் ஒரு மரத்தடியில், போவோர் வருவோர் பார்வையில் பிள்ளை பெற்றார்.

இது நாட்டின் எங்கோ ஒரு மூலையில் நடந்ததல்ல. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகமும் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் எதிரெதிரே நிற்கும் தலைநகரில் நடந்தது. அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமைக்குள் ஆரோக்கியத்திற்கான உரிமையும் மகப்பேறு சார்ந்த உரிமைகளும் அடங்கும் என்று அத்தீர்ப்பு அறிவித்தது. ஒரு மாநிலத்தின் வறுமைக் கோட்டு அட்டையுடன் வேறு மாநிலத்திற்குப் பிழைக்க வரும் பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. தன் வறுமையை நிரூபிக்கும் சுமையை ஏழையின் தலையிலேயே ஏற்றும் முறை மாற வேண்டும் என்றது. முதல் பெண்ணின் குடும்பத்திற்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயும், இரண்டாவது பெண்ணுக்கு 50 ஆயிரம் ரூபாயும் இழப்பீடாக வழங்க ஆணையிட்டது.

தீர்ப்பு வந்த அதே ஆண்டில், கன்னாட் பிளேசுக்கு அருகே சங்கர் மார்க்கெட் நடைபாதையில் ஓர் ஆதரவற்ற பெண் குழந்தை பெற்றுவிட்டுச் சில நாட்களில் இறந்துபோனார். உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொள்ள நேர்ந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2020 ஜூனில், தலைநகரை ஒட்டிய நொய்டாவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் 8 மருத்துவமனைகளின் வாசலில் 13 மணி நேரம் அலைந்து ஆம்புலன்சிலேயே உயிரிழந்தார். தீர்ப்புகள் சட்டப் புத்தகங்களில் இருக்கின்றன. மருத்துவமனை வாசலில் வேறொரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

காகிதம் என்னும் சல்லடை

அந்த வேறொரு சட்டம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இன்று எந்த அரசு மருத்துவமனையும் “நீ தலித், உள்ளே வராதே” என்று பலகை வைப்பதில்லை. கேட்கப்படுவது ஆதார் அட்டை, முகவரிச் சான்று, ரேஷன் அட்டை, முன்பரிசோதனைச் சீட்டு, வங்கிக் கணக்கு. கேள்வி பொதுவானது போலத் தோன்றுகிறது. பதில் சொல்ல முடியாதவர் யார் என்று பார்த்தால்தான் அதன் உள்ளடக்கம் தெரியும். பீகாரிலிருந்தும் புந்தேல்கண்டிலிருந்தும் கட்டுமானப் பணிக்கு வந்தவர், குப்பை பொறுக்குபவர், வீட்டு வேலை செய்பவர், இடிக்கப்பட்ட குடிசைப் பகுதியிலிருந்து துரத்தப்பட்டவர். இவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள், பழங்குடியினர், முஸ்லிம்கள். சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சாதிவாரியாகச் சலித்தெடுக்கும் சல்லடையாகக் காகிதம் பயன்படுகிறது.

தில்லித் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டிப் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்கள் மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று அறிவிக்கப்பட்டன. அந்த மாற்று வீடுகளும் நகரின் வடகோடியில், நரேலாவில் ஒதுக்கப்பட்டன. ஒரு குடியிருப்பு இடிக்கப்படும்போது சுவர் மட்டும் இடிவதில்லை. அங்கன்வாடியில் பதிவான கர்ப்பிணியின் பெயர், அவரை அறிந்த ஆஷா ஊழியர், நடந்து செல்லும் தூரத்தில் இருந்த மருத்துவமனை, வலி எடுத்தால் ஓடி வரும் அண்டை வீட்டார் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் அறுந்துபோகின்றன. வீட்டுரிமைப் போராட்டமும் மகப்பேறு உரிமைப் போராட்டமும் வேறுவேறல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எண்ணப்படாத மரணங்கள்

2018-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 1 லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தனர். கேரளத்தில் இது 19. தமிழ்நாட்டில் 54. உத்தரப் பிரதேசத்தில் 167. அசாமில் 195. ஒரே நாட்டில், ஒரே ஆண்டுகளில், கேரளத்துப் பெண்ணைவிட அசாமியப் பெண்ணுக்குப் பேறுகால மரண ஆபத்து 10 மடங்கு.

ஆனால் இந்த அட்டவணையில் தில்லி என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. அது ‘பிற மாநிலங்கள்’ என்ற தொகுப்புக்குள் மறைந்துவிடுகிறது. தலித் பெண்கள் எத்தனை பேர், பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர், முஸ்லிம் பெண்கள் எத்தனை பேர் என்று தேடினாலும் அந்த அறிக்கையில் விடை இல்லை. மாநில வாரியாகவும் வயது வாரியாகவும் எண்ணும் அரசு, சாதி வாரியாக எண்ணுவதில்லை. எண்ணப்படாத மரணத்திற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

இங்கே அமெரிக்காவுடன் ஓர் ஒப்பீடு பயன்படும். அந்நாட்டு அரசின் புள்ளிவிவரப்படி 2021இல் 1 லட்சம் பிறப்புகளுக்கு வெள்ளையினப் பெண்கள் 26.6 பேரும், கருப்பினப் பெண்கள் 69.9 பேரும் இறந்தனர். உலகின் மிகப் பெரிய பணக்கார நாட்டில், தோலின் நிறம் தாயின் மரண ஆபத்தை இரண்டரை மடங்குக்கு மேல் உயர்த்துகிறது. இது வெட்கக்கேடானது. ஆனாலும் அந்த எண் வெளியிடப்படுவதால் அதை வைத்துப் போராட முடிகிறது. இந்தியாவில் போராட்டத்தின் முதல் படியே எண்ணிக்கையைக் கேட்பதாக இருக்கிறது.

தொப்புள்கொடியை அறுத்தவர்கள்

யாருக்குச் சேவை மறுக்கப்பட்டது என்பது பிரச்சனையின் ஒரு பாதி. அந்தச் சேவையை யார் செய்தார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது மறுபாதி.

வட இந்தியக் கிராமங்களில் பிரசவம் பார்க்கும் பெண்ணுக்குத் ‘தாயி’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு இச்சொல் அன்னையின் பெயராகவே ஒலிக்கும். ஆனால் அந்தச் சமூகம் அவரை அன்னையாக நடத்தவில்லை. தொப்புள்கொடியை அறுப்பதும், நஞ்சுக்கொடியைப் புதைப்பதும், தீட்டுத் துணியைத் துவைப்பதும் ‘அசுத்தமான’ வேலைகள். ஆகவே அவை தலித் பெண்களின் கடமையாக விதிக்கப்பட்டன. தமிழகத்தில் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்ததன் பின்னணியும் இத்தகையதே. உயிரைக் காக்கும் கை தேவைப்பட்டது. அந்தக் கையை உடையவர் வீட்டுக்குள் சமமாக அமர்வது தேவைப்படவில்லை. கூலியாகக் கொஞ்சம் தானியமும் பழைய துணியும் கிடைத்தன.

இந்த இழிவை அப்பெண்களும் அவர்களது சமூகமும் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்று கருதுவது வரலாற்றுப் பிழை. 1950களிலிருந்து உத்தரப் பிரதேசத்தில் ‘நாரா-மவேஷி’ இயக்கம் நடைபெற்றது. ‘நாரா’ என்பது தொப்புள்கொடி. ‘மவேஷி’ என்பது கால்நடை. இனித் தொப்புள்கொடியை அறுக்கமாட்டோம், செத்த மாட்டைத் தூக்கமாட்டோம் என்று தலித் மக்கள் அறிவித்தனர். அதற்காகத் தாக்கப்பட்டனர். பாரம்பரிய மருத்துவச்சி முறையை ‘நமது பண்டைய ஞானம்’ என்று இன்று போற்றிப் பாடுவோர் இந்த இயக்கத்தின் பெயரை உச்சரிப்பதில்லை. அந்த ஞானத்தைச் சுமந்தவர்களே அதன் சாதி விலங்கை உடைக்கப் போராடினார்கள் என்ற உண்மை அவர்களுக்கு உவப்பானதல்ல.

காலனிய அரசு வேறொரு வகையில் அநீதி இழைத்தது. 1885இல் டஃபரின் சீமாட்டி நிதி தொடங்கப்பட்டது. 1903இல் தாயிகளுக்குப் பயிற்சியளிக்க விக்டோரியா நினைவு நிதி வந்தது. 1916இல் தில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இவற்றால் நன்மைகள் விளைந்தன. ஆனால் தாய்மார்களும் சிசுக்களும் இறப்பதற்கான பழி முழுவதும் ‘அழுக்கான, அறிவற்ற தாயி’ மீது சுமத்தப்பட்டது. பிரசவக் காய்ச்சலுக்கும் சிசுக்களின் ரண ஜன்னிக்கும் தூய்மையற்ற கருவிகள் காரணமாக இருந்தது உண்மைதான். இரத்த சோகைக்கும் பட்டினிக்கும் பஞ்சத்திற்கும் காரணமாக இருந்தது தாயியா, அன்னிய அரசா?

மருத்துவச்சி மறைந்த கதை

1946இல் வெளியான போர் குழு அறிக்கை, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் 5,000 மருத்துவச்சிகளே இருந்ததாகவும் 1 லட்சம் பேர் தேவை என்றும் மதிப்பிட்டது. விடுதலைக்குப் பின் துணைச் செவிலிய மருத்துவச்சி என்ற பணி உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் அவருடைய முதன்மைப் பணி பிரசவம் பார்ப்பதே. 1973இல் கர்த்தார் சிங் குழு, அவரைப் பல்நோக்கு சுகாதாரப் பணியாளராக மாற்றப் பரிந்துரைத்தது. 1977இல் அவருடைய பயிற்சிக் காலம் 24 மாதங்களிலிருந்து 18 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. தடுப்பூசி, பதிவேடு, அனைத்துக்கும் மேலாகக் குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு ஆகியவை அவர் தோளில் ஏறின. அவசரநிலைக் காலத்தில் தில்லியின் துருக்மான் கேட் பகுதி கண்ட கருத்தடை முகாம்களையும் இடிப்புகளையும் நினைவில் கொண்டால், அன்றைய அரசுக்கு ஏழைப் பெண்ணின் பாதுகாப்பான பிரசவத்தைவிட அவள் பிள்ளை பெறாமலிருப்பதே முக்கியமாக இருந்தது என்பது விளங்கும்.

இவ்வாறு, சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட பழைய மருத்துவச்சி ஒதுக்கப்பட்டார். அரசு உருவாக்கிய புதிய மருத்துவச்சி இலக்குகளில் கரைந்துபோனார். இருவருக்கும் மாற்றாக மருத்துவர் வந்தாரா? நகரத்தின் வசதி படைத்த பகுதிகளுக்கு வந்தார்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்ந்தது. அங்கே கருப்பினப் பெண்களுக்கு மட்டுமல்ல, ஏழை வெள்ளையினப் பெண்களுக்கும் பிரசவம் பார்த்தவர்கள் கருப்பின மருத்துவச்சிகள். 1921ஆம் ஆண்டின் ஷெப்பர்டு-டவுனர் சட்டத்திற்குப் பின் பயிற்சி, பதிவு, கண்காணிப்பு என்ற பெயர்களில் அவர்கள் படிப்படியாகத் தொழிலிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதே காலத்தில் நிறவெறி மருத்துவமனைகள் கருப்பினத் தாய்மார்களுக்குக் கதவடைத்தன. இன்று அந்நாட்டில் மருத்துவச்சி வழிப் பிரசவத்தை நாடும் கருப்பினப் பெண்ணுக்குத் தன் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவச்சி கிடைப்பது அரிது. உழைக்கும் மக்களின் திறனைப் பறித்து, அதை உரிமம் பெற்ற சரக்காக்கி, அவர்களுக்கே எட்டாத விலையில் விற்பது முதலாளித்துவத்தின் பொது வழக்கம். இனமும் சாதியும் அந்தப் பறிப்பை எளிதாக்கித் தருகின்றன.

இலங்கையின் படிப்பினை

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அண்டை நாடான இலங்கையில் 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, பயிற்சி பெற்ற பொதுச் சுகாதார மருத்துவச்சியை ஒவ்வொரு கிராமத்தின் வீட்டு வாசலுக்கும் கொண்டுசென்றது. 1940களின் முற்பகுதியில் 1 லட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கும் மேல் இருந்த தாய் இறப்பு, இன்று 30 என்ற அளவில் இருக்கிறது. பெருஞ்செல்வம் இல்லாத நாடு இதைச் சாதித்தது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், அரசு ஊதியம் பெறும் மருத்துவச்சி, அவர் பின்னால் அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனை ஆகிய அனைத்தும் ஒரு சங்கிலியாக இணைந்ததே காரணம்.

அந்தச் சங்கிலியும் ஓரிடத்தில் அறுந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் மருத்துவம் நீண்ட காலம் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டது. 1990களில்தான் தோட்ட மருத்துவமனைகளை அரசு ஏற்கத் தொடங்கியது. தமிழ் பேசும் மருத்துவச்சிகள் போதிய அளவில் இல்லாததும் குறையாகவே நீடித்தது. நாட்டின் சராசரி உயர்ந்தபோதும் லயன் குடியிருப்புகள் பின்தங்கின. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் பழங்குடிப் பெண்களின் நிலையும் இதுவே. நல்ல திட்டம் மட்டும் போதாது. அதற்குள் யார் சேர்க்கப்படுகிறார்கள் என்பதும் அரசியலே.

புதிய கொள்கையும் பழைய ஆபத்தும்

2018 டிசம்பரில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் இந்தியாவில் மருத்துவச்சி சேவைகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதிவுபெற்ற செவிலியர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி அளித்து, பிரசவம் மிகுதியாக நடக்கும் அரசு மருத்துவமனைகளில் மருத்துவச்சிகள் தலைமையிலான பிரிவுகளை அமைப்பது இதன் நோக்கம். 2023இல் தேசிய செவிலியம் மற்றும் மருத்துவச்சிப் பணி ஆணையச் சட்டம் நிறைவேறியது. இந்த நோக்கத்தை எதிர்க்க வேண்டியதில்லை. அறிவியல் அதன் பக்கம் இருக்கிறது. மருத்துவச்சிகளின் சேவை உலகெங்கும் அனைவருக்கும் முழுமையாகக் கிடைத்தால் 2035 வாக்கில் ஆண்டுக்கு 43 லட்சம் உயிர்களைக் காக்கலாம் என்று 2020இல் வெளியான சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. உலகில் 9 லட்சம் மருத்துவச்சிகள் பற்றாக்குறை என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2021இல் தெரிவித்தது.

தேவையற்ற அறுவையைக் குறைக்கவும் இம்முறை உதவும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 21.5 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 14.3 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 47.4 சதவீதம். தனியாரிடம் செல்லும் பெண்ணின் உடல் வேறு வகையில் படைக்கப்பட்டதல்ல. அறுவையில் இலாபம் இருக்கிறது, காத்திருப்பதில் இல்லை. ஒரு பக்கம் அறுவை தேவைப்படும் ஏழைத் தாய்க்கு அது கிடைப்பதில்லை. மறுபக்கம் தேவைப்படாத தாய்க்கு அது கடன் வாங்கிச் செலுத்தும் கட்டணமாகிறது.

ஆயினும் இரண்டு ஆபத்துகளைத் தோழர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, சந்தை. தில்லியிலும் குருகிராமிலும் ‘இயற்கைப் பிரசவம்’ என்ற பெயரில் மருத்துவச்சி உடனிருக்கும் தனியார் மையங்கள் வசதி படைத்தோருக்காக இயங்குகின்றன. தன் பெயரைச் சொல்லி அழைக்கும் மருத்துவச்சி, உடன் இருக்க ஒரு துணை, விரும்பிய நிலையில் பிள்ளை பெறும் சுதந்திரம் ஆகியவை அங்கே பணத்துக்குக் கிடைக்கின்றன. அரசு மருத்துவமனையில் ஒரு கட்டிலில் இருவர் படுத்து, வலியில் கத்தினால் வசை கேட்கும் பெண்ணுக்கு இவை கிடைப்பதில்லை. பேறுகாலத்தில் துணை ஒருவர் உடனிருப்பதை ஒன்றிய அரசு 2016இல் அனுமதித்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே இதை நடைமுறைப்படுத்தியது. இருந்தும், இட நெருக்கடி நிலவும் பிரசவ அறைகளில் அந்த உரிமை ஏட்டளவில் நிற்கிறது.

இரண்டாவது, சிக்கனம். பணக்காரருக்கு மருத்துவர், ஏழைக்கு மலிவான மருத்துவச்சி என்று இத்திட்டம் சுருக்கப்படலாம். மருத்துவச்சி முறை வெற்றி பெற்ற நாடுகளில் அவருக்குப் பின்னால் இரத்த வங்கியும் அறுவை அரங்கும் ஆம்புலன்சும் நிற்கின்றன. அவை இல்லாத இடத்தில் மருத்துவச்சியை மட்டும் நிறுத்தினால், நாளை நிகழும் மரணத்திற்கு அன்றைய தாயியைப் போலவே அவரும் பழி சுமப்பார். ஒப்பந்தப் பணியாளராக நியமிக்கப்பட்டால் வேலையையும் சேர்த்து இழப்பார்.

இயக்கத்தின் கடமைகள்

இந்தப் பின்னணியில் தில்லியில் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

பேறுகால மரணங்களைத் தில்லிக்குத் தனியாகவும், சாதி, மத, வசிப்பிட வாரியாகவும் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எந்தக் காகிதமும் கேட்காமல் பிரசவ வலியுடன் வரும் பெண்ணை அனுமதிக்க வேண்டும் என்பது கட்டாய விதியாக வேண்டும். 2011இல் அறிவிக்கப்பட்ட ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டம் இலவசப் பிரசவம், மருந்து, உணவு, இரத்தம், போக்குவரத்து ஆகியவற்றை உறுதியளிக்கிறது. அதை மருத்துவமனை வாசலில் தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் எழுதி வைக்கச் செய்ய வேண்டும்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத பேறுகால உதவியை உரிமையாக்கியது. 2017இல் வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் அதை முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாயாகச் சுருக்கியது. பின்னர், இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டும் 6,000 என்று திருத்தப்பட்டது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை அமைச்சகத்தின் திட்டம் வெட்டிக் குறைப்பதற்கு எதிரான போராட்டம் தொடர வேண்டும். அதிகக் குழந்தைகள் பெற்ற, ஆகவே அதிக ஆபத்தில் உள்ள ஏழைப் பெண்ணே இங்கே விலக்கப்படுகிறார்.

மருத்துவச்சிப் பணி, நிரந்தர ஊதியமும் பதவி உயர்வும் கொண்ட அரசுப் பணியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்த தலித் குடும்பங்களின் மகள்கள் உதவித்தொகையுடன் செவிலியக் கல்வி பெற்று, பட்டமும் பதவியும் உடையவர்களாகப் பிரசவ அறைக்குள் நுழைய வழி செய்ய வேண்டும். நாரா-மவேஷி இயக்கம் மறுத்தது இழிவைத்தான், அறிவையல்ல. அந்த அறிவுக்குச் சாதியற்ற மதிப்பைப் பெற்றுத் தருவதே அப்போராட்டத்தின் தொடர்ச்சி. நள்ளிரவில் கர்ப்பிணியை ஆட்டோவில் ஏற்றி அழைத்துவரும் ஆஷா ஊழியரை ‘தன்னார்வலர்’ என்று அழைத்து ஊக்கத்தொகையால் ஏமாற்றுவது முடிவுக்கு வர வேண்டும். அவர் தொழிலாளியாக அங்கீகரிக்கப்பட வேண்டும்.

இவை அனைத்தும் மாதர் அமைப்பின் பணி என்று ஒதுக்கிவிட முடியாது. கட்டுமானத் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினரின் மனைவி எங்கே பிரசவிக்கிறார் என்று கேட்க வேண்டும். குடிசைப் பகுதிக் கிளைகள் தங்கள் பகுதியில் கருவுற்ற பெண்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். எந்த மருத்துவமனையில் யார் திருப்பி அனுப்பப்பட்டார் என்பதைத் தேதியுடன் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவேடு மனுவாகும், வழக்காகும், முற்றுகையாகும். அரசு எண்ண மறுப்பதை இயக்கம் எண்ணத் தொடங்க வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்தப் பட்டியல் முதல் பொருளாக இடம்பெறட்டும், தோழர்களே.